தாய்ப்பலகை: பெற்றவள் அல்ல, தாங்குபவள்

சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் போய் “தாய்ப்பலகை என்ன விலை?” என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் முழிப்பார். கணினிக்குள் மற்ற உறுப்புகளெல்லாம் வந்து பொருந்தும் பெரிய சுற்றுப்பலகை அது. அங்கே அதன் பெயர் மதர்போர்டு. பழகியவர்களுக்கு வெறும் போர்டு. “போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்” என்பதில் எல்லாம் அடங்கிவிடும். தாய்ப்பலகை என்ற சொல் தமிழகத்திலும் இலங்கையிலும் கணினிப் பாடநூல்களில்தான் குடியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து வைத்த சோம்பல் என்று அதைக் கேலி செய்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பொருள் செய்கிற வேலையை அறிந்து பார்த்தால் தமிழில் அது இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

முதலில் ஆங்கிலத்தில் தாய் எப்படி வந்தாள் என்று பார்ப்போம். பெரிய சுற்றுப்பலகை ஒன்றில் சிறு பலகைகளைச் செருகும் முறை வந்தபோது, தாங்குவது மதர்போர்டு, செருகப்படுவது டாட்டர்போர்டு என்று பொறியாளர்கள் பெயரிட்டார்கள். 1975இல் வந்த ஆல்டேர் 8800 கணினியில், கணக்குப் போடும் மூளையான செயலியே ஒரு தனி அட்டைதான். மதர்போர்டில் செருகுவாய்களும் அவற்றை இணைக்கும் தடங்களும் தவிர அதிகம் இல்லை. அந்தத் தாய்க்கு மூளை கிடையாது, மடி மட்டும்தான். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது செயலி பெரிய பலகைக்கே இடம் மாறியது. கூடவே 5 செருகுவாய்கள். ஐபிஎம் அதைத் தன் கையேட்டில் சிஸ்டம் போர்டு என்றது, பிறகு பிளேனர் என்றது. ஆப்பிள் லாஜிக் போர்டு என்றது. தைவான் நிறுவனங்கள் சில இன்றும் மெயின்போர்டு என்று அச்சிடுகின்றன. மக்கள் வாயில் நிலைத்தது என்னவோ மதர்போர்டுதான்.

பிற மொழிகளில் இரண்டு வழி. செருமானியரும் சீனரும் ‘முதன்மைப் பலகை’ என்ற பொருளில் சொல்கிறார்கள். பிரெஞ்சில் அது ‘தாய் அட்டை’. மலாயில் ‘பாப்பான் இண்டுக்’. இண்டுக் என்றால் குட்டிகளோடு இருக்கும் தாய் விலங்கையும் குறிக்கும்.

தமிழில் ‘தாய்’ முன்னொட்டாக வரும்போது இரண்டு விதமாகப் பொருள் தருகிறது. ஒன்று, பிறப்பிடம். பதிவு அலுவலகத்தில் கேட்கும் தாய்ப்பத்திரம் அப்படி: பின்னால் வந்த பத்திரங்களுக்கெல்லாம் மூலம் அது. மஞ்சள் பயிரிடுவோர் சொல்லும் தாய்க்கிழங்கும் அப்படியே. இன்னொன்று, தாங்குதல். கட்டடத்தின் முதன்மைச் சுவருக்குத் தாய்ச்சுவர் என்று பெயர். அது எதையும் பெற்றுப் போடவில்லை. மற்றவை அதை நம்பி நிற்கின்றன. திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டை மதர்போர்டும் பெறுவதில்லை. அது வேறு தொழிற்சாலையில் பிறந்து வந்து உட்காருகிறது. ஆகவே தாய்ப்பலகையின் உடன்பிறப்பு தாய்மொழி அல்ல, தாய்ச்சுவர்.

பலகை என்பது மரத்துக்குரிய சொல்லாயிற்றே என்று கேட்கலாம். ஆங்கில போர்டும் மரம்தான். அந்தக் கால ரேடியோ ஆர்வலர்கள் ரொட்டி வெட்டும் பலகையில் ஆணியடித்துத்தான் சுற்றுகளை அமைத்தார்கள். பிரெட்போர்டு என்ற பெயர் அதன் மிச்சம். இன்று கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் செம்புத் தகடும் அடுக்கடுக்காக ஒட்டிய பலகை. நம்மிடம் சங்கப்பலகைக் கதை வேறு இருக்கிறது: தகுதியுள்ள புலவர் வந்தால் வளர்ந்து இடம் கொடுக்குமாம். கூடுதல் அட்டைகளுக்கு இடம் தரும் எக்ஸ்பேன்ஷன் ஸ்லாட்டுக்கு அதைவிடப் பழைய முன்மாதிரி கிடைக்காது!

இனி அந்தத் தாயை எடைபோடும்போது வரும் இரண்டு சொற்கள். முதலாவது லே-அவுட், அதாவது பலகையில் எது எங்கே இருக்கிறது என்பது. தளவமைப்பு என்று எழுதுகிறோம். இலங்கை வழக்கில் தளக்கோலம். என் ஓட்டு தளக்கோலத்துக்கு. நினைவகச் செருகுவாயிலிருந்து செயலிக்குப் போகும் செம்புத் தடங்களைப் பாருங்கள், சில தேவையில்லாமல் நெளிந்து நெளிந்து போவதுபோல் தோன்றும். அழகுக்காக அல்ல. சமிக்ஞைகள் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதால் குறுகிய தடத்தை வளைத்து நீளத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். சிக்குக் கோலம் போடுபவருக்கு இது உடனே விளங்கும்.

இன்னும் எளிதாகக் கண்ணுக்குத் தெரிகிற கோலமும் உண்டு. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்னும் பலகை அமைப்பின் அளவு 305 × 244 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய பேபி ஏடி அமைப்பில் நீண்ட அட்டைகள் செயலியின் மேல் இடிக்கும். பலகையைத் திருப்பிப் போட்டதில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. வாங்குமுன் நான் பார்ப்பவை: மின் இணைப்பு ஓரத்தில் இருக்கிறதா, வட்டுகளை இணைக்கும் சாட்டா வாய்கள் பக்கவாட்டில் திரும்பியுள்ளனவா (மேல்நோக்கி இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு மூடிவிடும்), நினைவக அட்டையைப் (ரேம்) பிடித்திருக்கும் கொக்கியை, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றாமல் திறக்க முடியுமா. விலை குறைந்த பலகைகள் 244க்கும் குறுகலாக வரும். வலது ஓரத்துத் திருகுத்துளைகள் அவற்றில் இருக்காது. 24 முள் மின் இணைப்பை அழுத்தும்போது பலகை தொட்டில்போல வளையும், நெஞ்சு பதறும்.

இரண்டாவது ஸ்டெபிலிட்டி, அதாவது தடுமாறாமல் தொடர்ந்து ஓடுவது. இதை ‘நிலைப்பாடு’ என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கட்சிகளுக்கு உரியது. நிலைத்தன்மை சரி, நிலைப்பு இன்னும் சுருக்கம். 12 வோல்ட்டாக வரும் மின்சாரத்தைச் செயலிக்கு ஏறத்தாழ 1 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் பகுதி சூடேறினாலும் தடுமாறக் கூடாது; நிலைப்பின் பெரும்பங்கு அங்கேதான். 2000களின் தொடக்கத்தில் தரமற்ற மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) உப்பி வெடித்து உலகெங்கும் பலகைகள் செத்தன. “கெப்பாசிட்டர் உப்பிடுச்சு” என்பது பழுது பார்ப்பவர்களின் அன்றாட வாக்கியமாயிற்று. நிலைப்பைச் சோதிக்க மெம்டெஸ்ட், பிரைம்95 போன்ற மென்பொருள்களை இரவு முழுக்க ஓடவிடுவார்கள். பிரைம்95 உண்மையில் மெர்சென் எனப்படும் ஒருவகைப் பகா எண்களைத் தேடும் மென்பொருள். கணக்கில் ஒரு பிழை வந்தாலும் காட்டிக்கொடுக்கும் என்பதால் இந்த வேலைக்கும் வந்துவிட்டது.

டாட்டர்போர்டுக்கு மகள்பலகை என்றால் காதில் ஒட்டவில்லை. துணைப்பலகை புரியும், ஆனால் உறவு அறுந்துவிடும். தாயும் சேயும் என்று சொல்லிப் பழகிய மொழிக்குச் சேய்ப்பலகைதான் பொருத்தம். இரண்டிலும் ப் மிகும். தாய்பலகை என்று எழுதுபவர்கள் தாய்ப்பாலை நினைத்துக்கொண்டால் போதும்.