கேமிங் லேப்டாப்: கார்டின் பெயரோடு நிறுத்தாதீர்கள், வாட் எவ்வளவு என்று கேளுங்கள்

லேப்டாப் சர்வீஸ்தான் என் தொழில். கேமிங் லேப்டாப் வாங்கலாம் என்று இருக்கிறேன், எது நல்லது என்று கேட்டு வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கிராபிக்ஸ் கார்டின் பெயரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். "4060 போதுமா, 4070-க்குப் போகலாமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கார்டு எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும்? பெரும்பாலும் பதில் வராது. விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை, பெட்டியிலும் பெரிதாகப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் கொடுக்கிற காசுக்கு வேகம் கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் லேப்டாப் நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். மெல்லிசான மாடலில் குறைந்த வாட், தடித்த மாடலில் முழு வாட், ஸ்டிக்கரில் மட்டும் இரண்டுக்கும் ஒரே பெயர். 4070-க்கும் இதே வரம்புதான் என்பதால், மின்சாரத்தைக் குறைத்து வைத்த 4070-ஐ முழு வாட் கிடைக்கிற 4060 முந்திவிடுவதும் உண்டு. முன்பெல்லாம் குறைந்த வாட் சிப் என்றால் பெயரோடு மேக்ஸ்-க்யூ என்று சேர்த்துப் போடுவார்கள், பார்த்ததுமே தெரிந்துவிடும். 2021-இல் 30 வரிசை லேப்டாப்கள் வந்தபோது அந்த அடையாளமும் போய்விட்டது. அதனால் நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து, டிஜிபி அல்லது மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் (கார்டு எடுக்கக்கூடிய அதிகபட்ச வாட்) என்று போட்டிருக்கிற எண்ணைத் தேடிப் பாருங்கள். அதை எங்கேயும் போடவில்லை என்றால் அந்த மாடலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்னொன்று, டெஸ்க்டாப் கார்டை வைத்து எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு அதே வேகத்தை லேப்டாப்பில் எதிர்பார்க்காதீர்கள். டெஸ்க்டாப் 4070-இல் விரேம், அதாவது கார்டுக்கென்றே இருக்கிற மெமரி, 12 ஜிபி, லேப்டாப் 4070-இல் 8 ஜிபிதான். டெஸ்க்டாப் 4090-இல் 24 ஜிபி, லேப்டாப்பில் 16 ஜிபி, உள்ளே இருக்கிற சிப்பும் வேறு. விரேம் போர்டிலேயே பதித்து வருவது, பிறகு கூட்டவே முடியாது. புது கேம்களில் டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை உயர்த்தினால் 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

சரி, வாட் தாராளமாக இருக்கிறது. அவ்வளவு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும், அந்தச் சூடு வெளியே போக வேண்டுமே. என் மேஜைக்கு வருகிற கேமிங் லேப்டாப்களில் அதிகம் கேட்கிற புகார், "முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் திக்குது." அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் ஃபேன் சுத்தமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்கின் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தூசியும் முடியும் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் அடைத்திருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். காற்று போக வழியில்லாததால் பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெரும்பாலான மாடல்களில் பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் சூட்டைக் கடத்துகிற ஹீட்பைப் பொது என்பதால் ஒன்று கொதித்தால் மற்றதும் சேர்ந்து கொதிக்கும். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவுகிற தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வாங்கும்போதே லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். காற்று உள்ளே போகிற துளைகள் ஃபேனுக்கு நேராக அகலமாக இருக்கின்றனவா, ரப்பர் கால்கள் மேஜையிலிருந்து போதுமான அளவு தூக்கி நிறுத்துகின்றனவா, சூடு பின்பக்கமாகப் போகிறதா அல்லது மவுஸ் பிடிக்கிற கை மேலேயே வந்து அடிக்கிறதா. அடிமூடி சாதாரண ஸ்க்ரூவில் கழன்று வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வருடத்துக்கு ஒரு முறையாவது அதைத் திறந்து தூசி எடுக்க வேண்டியிருக்கும். மெத்தை மேல் வைத்து விளையாடுகிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், துளைகள் எல்லாம் அடியில்தான் இருக்கின்றன.

ரேம் விஷயத்தில் 16 ஜிபி என்று போட்டிருந்தால் அது ஒரே ஸ்டிக்கா, இரண்டு எட்டா என்று கேளுங்கள். ஒரே ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனலில், அதாவது ஒரே பாதையில், ஓடும், பிராசஸரை நம்பி ஓடுகிற கேம்களில் ஃப்ரேம் குறைவது கண்ணுக்கே தெரியும். இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், போர்டில் சால்டர் செய்து வந்திருந்தால் வாங்கும்போதே தேவையான அளவு வாங்கிவிடுங்கள். எஸ்எஸ்டி 512 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடும், 100 ஜிபியைத் தாண்டுகிற கேம்கள் இப்போது நிறைய. எஸ்எஸ்டி செருகுகிற எம்.2 ஸ்லாட் இரண்டாவதாக ஒன்று இருந்தால் நல்லது.

திரையில் எல்லோரும் 144 ஹெர்ட்ஸை மட்டும் பார்க்கிறார்கள். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். 45% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித்தான் தெரியும், 100% எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸுக்குக் குறையாத வெளிச்சம் இருக்கிற பேனலாகப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டை நேரடியாகத் திரையோடு இணைக்கிற மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாத பல மாடல்களில் கிராபிக்ஸ் கார்டு வரைகிற படம் பிராசஸரோடு வரும் இன்டகிரேட்டட் கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும், அதிலேயே கொஞ்சம் வேகம் போய்விடும்.

பேட்டரியை நம்பி கேமிங் லேப்டாப் வாங்க வேண்டாம். விமான நிறுவனத்திடம் தனி அனுமதி வாங்காமல் விமானத்தில் 100 வாட்-அவர் வரைதான் கொண்டுபோகலாம் என்பதால் பெரிய லேப்டாப்பிலும் பேட்டரி அதற்குள்தான் இருக்கும், சார்ஜரைப் பிடுங்கியதும் கார்டின் வேகமும் இறங்கிவிடும். 230 வாட் சார்ஜரோடு வந்த லேப்டாப்புக்கு, முனை பொருந்துகிறதே என்று குறைந்த வாட் சார்ஜரைச் செருகுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சார்ஜ் ஏறுகிற மாதிரி இருக்கும், கேமைத் திறந்ததும் பேட்டரி இறங்க ஆரம்பிக்கும், வேகமும் படுத்துவிடும். எந்நேரமும் சார்ஜரில் கிடக்கிற லேப்டாப் என்றால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துகிற வசதியைப் போட்டு வையுங்கள், வருடக்கணக்கில் நூறிலேயே நின்ற பேட்டரி உப்பி டச்பேடை மேலே தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கி வந்ததும் திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் கார்டின் அதிகபட்ச வாட் தெரியும், சொன்ன எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். அப்புறம் வாட், சூடு எல்லாம் காட்டுகிற எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளை ஓடவிட்டு, உங்களிடம் இருப்பதிலேயே கனமான கேமைச் சார்ஜர் செருகி, பெர்ஃபார்மன்ஸ் மோடில் அரை மணி நேரம் விளையாடுங்கள். முதல் ஐந்து நிமிஷத்தில் கார்டு எடுத்த வாட்டையும் கடைசி ஐந்து நிமிஷத்தில் எடுத்த வாட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கேமில் அதே இடத்தில் விளையாடியும் வாட் பாதியாகக் குறைந்திருந்தால் பெட்டியை மூடி அன்றே திருப்பிக் கொடுங்கள்.