கலிபரேஷன்: மரக்காலில் தொடங்கி மாணிக்கம் வரை

எங்கள் தோட்டத்தில் தண்ணீர்த் தாங்கி மலை உச்சியில் இருக்கிறது, பணிய லயம், அதாவது கீழே உள்ள தொழிலாளர் வரிசை வீடுகள், பள்ளத்தில். பகலில் ஆளாளுக்குக் குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது பைப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. இரவில் எல்லோரும் குழாயைப் பூட்டிவிட்டுப் படுத்த பிறகுதான் எங்காவது ‘டப்’பென்று வெடிக்கும். ஓடாமல் நிற்கிற தண்ணீர் தருகிற இந்த அமுக்கம்தான் நிலை அமுக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அழுத்தம் என்பார்கள், நாங்கள் பள்ளியில் படித்தது அமுக்கம். எது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

ஒருநாள் பணிய லயத்துப் பைப்பில் ஓர் அமுக்கமானியைப் பொருத்திப் பார்த்தோம். தாங்கி அங்கிருந்து 60 மீற்றர் உயரத்தில். பத்து மீற்றர் உயரத் தண்ணீர் தருவது ஏறத்தாழ ஒரு பார் (அமுக்கத்தை அளக்கும் அலகு) என்பதால் முள் ஆறுக்குக் கிட்டப் போயிருக்க வேண்டும். ஐந்தில் நின்றுவிட்டது. பாதி மேட்டில், 30 மீற்றரில் பொருத்தினால் மூன்றுக்குப் பதில் இரண்டரை. “மீற்றரக் கலிபரேட் பண்ணணும் தம்பி” என்றார் கூட வந்த பைப் வேலைக்கார அண்ணன். உண்மையில் அப்போதே அதைத்தான் பண்ணிக்கொண்டிருந்தோம். தெரிந்த அளவோடு கருவி காட்டும் அளவை ஒப்பிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு பிசகுகிறது என்று குறித்துக்கொள்வதுதான் கலிபரேஷன். முள்ளைத் திருகிச் சரிசெய்வது அப்புறம் வருகிற வேறு வேலை.

சொல்லின் பூர்வீகம் செருப்புத் தைக்கும் கடையில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘காலோபூஸ்’ என்றால் மரத்தால் செய்த பாதம், அதாவது செருப்பு தைக்கிறவர் தோலைப் போர்த்தி வடிவம் பார்க்கும் அச்சு. அது அரபியில் ‘காலிப்’ ஆகி, ஐரோப்பாவுக்குப் போய், துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் ‘கலிபர்’ ஆனது. குழலின் விட்டத்தை அளந்து பார்ப்பது கலிபரேட் செய்வது. அங்கிருந்துதான் எல்லா அளவுகருவிகளுக்கும் சொல் பரவியது. கிரேக்கச் சொல்லை அப்படியே தமிழாக்கினால் மரக்கால்! நெல் அளந்த நம் மரக்காலுக்கும் அதற்கும் உறவில்லை, ஆனாலும் சிரிப்பு வருகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘அளவுத்திருத்தம்’ பரவலாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, திருத்தம் என்றதும் கருவி பழுதுபார்த்து வந்துவிட்டது என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். இலங்கை விஞ்ஞானப் பாடநூல் வழக்கான ‘அளவுகோடிடல்’ அழகான சொல். வெப்பமானியைப் பனிக்கட்டியிலும் கொதிநீராவியிலும் வைத்துக் கோடு போடுவதற்குப் பொருந்தும், கோடே இல்லாத டிஜிட்டல் மீற்றருக்குத்தான் இடிக்கும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசுக்கு ‘முத்திரை குத்தியாச்சா?’ என்று கேட்பது சட்டப்படியான சரிபார்ப்பு, அதுவும் வேறு. என் தெரிவு ‘அளவு ஒப்பீடு’.

ஒப்பீடு என்ற சொல்லின் அருமை மிகப்பெரிய அமுக்கங்களில்தான் தெரியும். ஒப்பிடுவதற்குத் தெரிந்த ஒன்று வேண்டுமே! 1891இல் கையெத்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஈபில் கோபுரத்தில் 300 மீற்றருக்குக் குழாய் பொருத்தி இரசத்தை, அதாவது பாதரசத்தை, ஏற்றினார். எங்கள் தாங்கிக் கணக்கேதான், ஆனால் கிடைத்தது ஏறத்தாழ 400 வளிமண்டல அமுக்கம். அதற்கு மேல் போக, பரப்பு தெரிந்த முசலத்தின் (பிஸ்டன்) மேல் திணிவு தெரிந்த படிக்கற்களை அடுக்குவார்கள். புவியீர்ப்பு அந்தக் கற்களை இழுக்கும் விசையைப் பரப்பால் வகுத்தால் அமுக்கம். இதில் மலையாட்களுக்கு ஒரு சிக்கல். நுவரெலியாவில் புவியீர்ப்பு, நியமப் பெறுமானமான 9.80665ஐவிட ஏறத்தாழ ஆயிரத்துக்கு மூன்று பங்கு குறைவு. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் 400 பாரில் ஒரு பாருக்கு மேல் பிசகும்.

இன்னும் மேலே போனால் பொருள்களே சாட்சி சொல்ல வேண்டும். 0 பாகை செல்சியஸில் இரசம் ஏறத்தாழ 7,570 பாரில் உறையும். அறை வெப்பநிலையில் பிஸ்மத் என்ற உலோகம் ஏறத்தாழ 25,500 பாரில் பளிங்கமைப்பை மாற்றிக்கொள்ளும். ‘மங்கனின்’ என்ற கலப்புலோகக் கம்பியின் மின்தடை அமுக்கத்தோடு கூடும், அந்தக் கம்பியை இப்படியான புள்ளிகளோடுதான் ஒப்பிடுவார்கள். உயர் அமுக்க ஆய்வுக்காக 1946இல் நோபல் பரிசு பெற்ற பிரிட்ஜ்மன் மங்கனினை நம்பி வேலை செய்தவர்.

இலட்சக்கணக்கான பாருக்கு இரண்டு வைர முனைகளுக்கு நடுவே பொருளை வைத்து நெருக்குவார்கள். அங்கே முள்ளும் இல்லை, பைப்பும் இல்லை. பக்கத்தில் ஒரு மாணிக்கத் துணுக்கு மட்டும். லேசர் பட்டதும் அது 694 நனோமீற்றர் அளவில் சிவப்பாக ஒளிரும், அமுக்கம் ஏற ஏற அந்த அலைநீளம் நீளும். பத்தாயிரம் பாருக்கு ஏறத்தாழ 0.36 நனோமீற்றர். 1970களில் வந்த முறை இது. அந்த மாணிக்கத்தையும் சும்மா நம்பவில்லை. அதிர்ச்சி அலையால் அமுக்கிப் பார்த்த செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களோடு 1978இல் ஒப்பிட்டார்கள்.

மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கொரண்டம். அகராதிகள் அதன் வேர் என்று காட்டுவது நம் ‘குருந்தம்’. மலையிறங்கினால் இரத்தினபுரி ஆற்றுப் படுகையில் இன்றும் அதைத்தான் கூடையில் அரித்துக்கொண்டிருக்கிறார்கள்.