பாட்டுக் கேட்பவருக்கு எதற்குக் கோரிக்கை?

போன கிழமை வெள்ளவத்தையில் இருந்து புறக்கோட்டைக்கு ஓட்டோவில் போனேன். வானொலி பாடிக்கொண்டே வந்தது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: "உங்கள் கோரிக்கைப் பாடல்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள், கோரிக்கைகள் பரிசீலிக்கப்படும்." காலிமுகத்திடல் வருவதற்குள் அந்தக் 'கோரிக்கை' நாலு தடவை வந்துவிட்டது. அவர்களுடைய செயலியைத் திறந்து பார்த்தால் அங்கே 'பாவனையாளர் கோரிக்கை' என்று ஒரு பொத்தான். 'நேயர் விருப்பம்' என்று சொன்னால் போதாதா? நேயர் எப்போது பாவனையாளர் ஆனார்? சவர்க்காரத்துக்குத்தானே பாவனையாளர்!

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கோரு' தெலுங்கிலும் கன்னடத்திலும் புழங்கும் வினை. தெலுங்கில் 'கோரிக' என்றால் ஆசை, விருப்பம். தோண்டிப் பார்த்தால் கோரிக்கைக்குள்ளும் விருப்பம்தான் இருக்கிறது. 'நேயர்' நேயத்தில் இருந்து வந்தவர். அந்த நேயம் வடமொழியின் 'ஸ்நேக' பிராகிருதம் வழியாகத் தேய்ந்து வந்தது என்பர்; நெய்யில் இருந்து பிறந்த தனித்தமிழ் என்பாரும் உண்டு. எதுவானாலும் சிவபுராணத்திலேயே 'நேயத்தே நின்ற நிமலன்' இருக்கிறான். அதற்குமேல் பழமைச் சான்றிதழ் எனக்கு வேண்டாம்.

என் சண்டை வேரோடு அல்ல, வழக்கோடு. கொழும்பில் 'கோரிக்கை' எங்கே காதில் விழுகிறது? கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் பதாகையோடு நிற்பவர்களிடம். தொழிற்சங்கம் கோரிக்கை வைக்கும். அமைச்சு அதைப் பரிசீலிக்கும், ஒத்திப்போடும், அப்புறம் ஒரு குழு அமைக்கும். மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டுப் போடச் சொல்பவர் யாரோடு போராடுகிறார்?

சிங்களத்தில் 'இல்லீம' என்ற ஒரே சொல் சம்பள உயர்வுக்கும் ஆகும், பணிவான வேண்டுகோளுக்கும் ஆகும். ஆங்கில 'ரிக்குவெஸ்ட்' விண்ணப்பப் படிவத்திலும் வரும், பாட்டு நிகழ்ச்சியிலும் வரும். இரண்டில் இருந்தும் படிவம் படிவமாகத் தமிழாக்கிப் பழகிய கை, வானொலிக்கு வந்த பிறகும் படிவமே எழுதுகிறது. சொல் தெரியாததால் வந்த வினை அல்ல இது, காதைக் கழற்றி வைத்துவிட்டு மொழிபெயர்ப்பதால் வருவது.

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு மறுப்புச் சொன்னார்: "விருப்பம் வேறு, கேட்பது வேறு. தேர்தலில் விருப்பு வாக்கு என்கிறோமே, கட்சிப் பட்டியலில் மூன்று பேரைத் தெரிவுசெய்வது, அதுதான் விருப்பம். 'நேயர் விருப்பம்' துல்லியமில்லை." வாதம் கெட்டித்தனமானதுதான். ஆனால் விருப்பு வாக்குப் போடுகிறவர் பட்டியலில் உள்ளவர்களுக்குள்தான் தெரிவுசெய்யலாம். பாட்டுக்கு ஏது பட்டியல்? அதோடு, துல்லியமாக ஒன்று வேண்டுமென்றால் அதுவும் நம்மிடம் இருக்கிறது: 'நீங்கள் கேட்டவை'. தமிழில் 'கேள்' என்பது செவியால் கேட்பதும்தான், வாய்விட்டுக் கேட்பதும்தான். வள்ளுவரின் 'கேள்வி' அதிகாரம் செவிச்செல்வம் பற்றியது. இன்றைய கேள்வி பரீட்சைத் தாளில் வருவது. அந்த இரண்டையும் ஒரே வினைக்குள் வைத்திருக்கிற மொழிக்கு வானொலி வந்தால் வேறென்ன வேண்டும்? நீங்கள் கேட்டவையே நீங்கள் கேட்டவை. இதை எந்தச் சொல்லாக்கக் குழுவாலும் செய்து தர முடியாது.

அந்தச் சொற்களை ஊரூராகக் கொண்டுபோனதில் இந்த நகரத்துக்கும் பங்கு உண்டு. 1925இல் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது. 1949இல் ரேடியோ சிலோன், 1967இல் கூட்டுத்தாபனம். 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது அக்கரை நேயர்களும் கொழும்புப் பக்கம் ஊசியைத் திருப்பினார்கள். தபாலட்டைகள் கடல் தாண்டி வந்தன. பாட்டு மூன்று நிமிடம் என்றால், கேட்டவர்களின் பெயரும் ஊரும் ஒரு நிமிடம்.

இன்று பல நிலையங்களில் எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்பதை இசைப்பொறுப்பாளரும் கணினி மென்பொருளும் முன்கூட்டியே போட்டுவைக்கிறார்கள். புதுப்பாட்டு சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுழன்று வரும், பழையது எப்போதாவது. வந்த அழைப்புகளைப் பதிவு செய்து, ஏற்கெனவே வரிசையில் நிற்கும் பாட்டைக் கேட்டவருடைய குரலை மட்டும் அதன் முன்னால் ஒட்டுவதும் உலகமெங்கும் நடக்கிற வித்தை. அந்த வகையில் 'பரிசீலிக்கப்படும்' என்பது நேர்மையான சொல் என்று நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று ஓட்டோக்காரத் தம்பி சத்தத்தைக் குறைத்துக்கொண்டே சொன்னது இது: "நானும் ரெண்டு கிழமையா ஒரு பாட்டுக் கேக்குறேன் அண்ணே, போடுறாங்க இல்லையே."