ஆயிரம் வீடு கொடுத்தும் ஏன் ஆயிரம் பேர்?

வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஒரு நகரத்தில் ஆயிரம் பேர் தெருவிலும் காப்பகங்களிலும் படுத்துத் தூங்குவதாகக் கணக்கு எடுக்கிறார்கள். நகர நிர்வாகம் ஒரே வருடத்தில் ஆயிரம் பேருக்கு வீடு கொடுக்கிறது. அடுத்த வருடம் எண்ணினால் மறுபடியும் ஆயிரம் பேர். அப்படியென்றால் பணம் எங்கே போனது? யார் பொய் சொல்கிறார்கள்?"

யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. எல்லாரும் நேர்மையாக வேலை செய்தாலும் இப்படி நடக்கும். ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், வீடில்லாதவர்களுக்கு ஒரு நகரம் உதவும் முறையில் எது பலன் தரும், எது தராது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவுக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போனேன். டார்ச் வெளிச்சத்தைத் தரையில்தான் அடிக்க வேண்டும், முகத்தில் அடிக்கக்கூடாது, தூங்குகிறவரை எழுப்பவே கூடாது என்று கூட்டிப்போனவர் முதலிலேயே சொல்லிவிட்டார். மூடிய கடை ஒன்றின் படியில் ஒருவர் படுத்திருந்தார். செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்திருந்தார். சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே மடித்த காகிதங்கள். தூக்கத்திலும் ஒரு கை அதன்மேல் இருந்தது. நோட்டில் ஒரு கோடு போட்டேன், நகர்ந்தோம். அந்தக் கோடு இன்னும் மனதை உறுத்துகிறது. அவருக்கு அது தெருவில் முதல் இரவா, மூன்றாவது வருடமா என்பது அந்தக் கோட்டில் இல்லை. ஆனால் நகரம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முழுக்க அதைப் பொறுத்தது.

பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு போட்டிருப்போம். ஒரு குழாய் நிரப்பும், இன்னொன்று வடிக்கும். வீடில்லாதவர்களின் எண்ணிக்கையும் அந்தத் தொட்டியின் நீர்மட்டம் போலத்தான். வேலை போனவர், வாடகை பாக்கியில் வெளியேற்றப்பட்டவர், அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்தவர், மருத்துவமனையிலிருந்தோ சிறையிலிருந்தோ போக இடமில்லாமல் வெளியே வந்தவர் என்று மேல்குழாய் நிற்காமல் ஓடுகிறது. உறவினர் வீட்டுக்கோ புது வாடகை வீட்டுக்கோ போகிறவர்கள் வழியாகக் கீழ்க்குழாயும் ஓடுகிறது. ஓர் இரவில் நாம் எண்ணுவது மட்டத்தை. ஓட்டம் கண்ணில் படுவதில்லை.

மட்டத்தையும் ஓட்டத்தையும் இணைக்க ஓர் எளிய விதி இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961இல் இதைக் கணிதப்படி நிரூபித்தார். ஒரு வரிசையில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள்? வந்து சேரும் வேகத்தை ஒருவர் தங்கும் சராசரிக் காலத்தால் பெருக்கினால் போதும். வங்கி வரிசைக்கும் இதே கணக்கு, மருத்துவமனைக்கும் இதே கணக்கு. நம் நகரத்தில் மாதம் 250 பேர் வீடிழக்கிறார்கள், ஒருவர் சராசரியாக 4 மாதம் வீடில்லாமல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த இரவில் எண்ணினாலும் 1,000 பேர். ஆனால் வருடம் முழுக்க அந்த நிலைக்கு வந்து போகிறவர்கள் 3,000 புதியவர்கள்! கொடுத்த ஆயிரம் வீடும் எங்கும் மறைந்துவிடவில்லை. 3,000 பேரில் சிலருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வரும் வேகமோ தங்கும் காலமோ குறையாதவரை மட்டம் அசையாது.

அப்படியென்றால் ஆயிரம் பேருக்கு வீடு கொடுத்தும் தங்கும் காலம் ஏன் குறையவில்லை? நான் சொல்ல ஆசைப்படும் இடம் இதுதான்.

பத்துப் படுக்கை உள்ள ஒரு காப்பகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து படுக்கையில் வருடம் முழுக்க அதே ஐந்து பேர். மற்ற ஐந்து படுக்கையில் ஒவ்வொன்றிலும் மாதம் ஒருவர் வந்து, முப்பது நாளில் ஏதோ ஒரு வழி கிடைத்துப் போய்விடுகிறார். எந்த இரவில் போய்ப் பார்த்தாலும் பாதிப்பேர் நீண்டகாலமாக இருப்பவர்கள். "இவர்களில் பாதிப்பேர் மாறவே மாட்டார்கள்" என்று முடிவு கட்டத் தோன்றும். சரி, இப்போது வருடம் முழுக்க வந்தவர்களை எண்ணுங்கள். நீண்டகாலத்தவர் 5, குறுகியகாலத்தவர் 5 முறை 12, அதாவது 60. மொத்தம் 65 பேரில் நீண்டகாலத்தவர் வெறும் 8 சதவீதம்தான். அதே கட்டடம், அதே மனிதர்கள். ஓர் இரவு பார்த்தால் பாதி, ஒரு வருடம் பார்த்தால் பன்னிரண்டில் ஒரு பங்கைவிடச் சற்றே குறைவு. நெடுநாள் இருப்பவர் எந்த இரவில் போனாலும் நம் கண்ணில் படுவார், சீக்கிரம் போகிறவர் தப்பிவிடுவார். கணக்கில் பிழையே இல்லை, பார்க்கும் விதத்தில்தான் வித்தியாசம்.

அடுத்தது இதைவிட அழகு. உங்கள் கையில் ஐந்து வீடு இருக்கிறது. முதலில் வந்து மனு கொடுத்தவர்களுக்கு என்று கொடுக்கிறீர்கள். மனு எழுதி, வரிசையில் நின்று, சொன்ன தேதியில் திரும்பி வரத் தெம்பு உள்ளவர்கள் பெரும்பாலும் அந்த 60 பேரில்தான் இருப்பார்கள். வந்த முதல் நாளே கொடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் ஒருவருக்கு மிச்சமாவது 30 இரவு, ஐந்து பேருக்கு 150. அதே ஐந்து வீட்டை அந்த ஐந்து நெடுநாள்காரர்களுக்குக் கொடுத்திருந்தால் 5 முறை 365, அதாவது 1,825 இரவு. பன்னிரண்டு மடங்கு! காப்பகத்தின் பாதி காலியாகியிருக்கும். வாசகர் சொன்ன நகரத்தில் நடந்திருக்கக்கூடியதும் இதுதான். வீடு கொடுத்தார்கள், ஆனால் வரிசையில் நிற்க முடிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று தோன்றலாம். 1998இல் ராண்டல் குன், டென்னிஸ் கல்ஹேன் என்ற இரு ஆய்வாளர்கள் நியூயார்க், பிலடெல்பியா காப்பகங்களின் பதிவேடுகளை எடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை முறை வந்தார், எத்தனை நாள் இருந்தார் என்று தொடர்ந்து பார்த்தார்கள். சுமார் 80 சதவீதம் பேர் சில காலம் இருந்துவிட்டுப் போய்விட்டார்கள். சுமார் 10 சதவீதம் பேர் வந்து வந்து போனார்கள். மீதி 10 சதவீதம் பேர் நெடுங்காலம் தங்கியவர்கள்; காப்பக இரவுகளில் ஏறக்குறைய பாதி இவர்களுக்கே செலவாகியிருந்தது.

அந்த 80 சதவீதத்தைக் கைவிட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களுக்கு வேண்டியது சிறியது, ஆனால் உடனே வேண்டும். ஒரு மாத வாடகை பாக்கி, புது வீட்டுக்கு அட்வான்ஸ், வீட்டுக்காரரிடம் போய்ப் பேச ஒரு ஆள். இது தாமதமானால் இவர்களே நெடுநாள்காரர்களாக மாறிவிடுவார்கள். அதற்கு உடலியல் காரணமே இருக்கிறது. இரவில் துண்டு துண்டாகத் தூங்குகிற மூளையில் முதலில் தளர்வது திட்டமிடும் திறனும் கவனமும்தான். மனநோய்க்குத் தரும் பல மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். பொருளையும் உடம்பையும் காத்துக்கொள்ள விழித்திருக்க வேண்டியவர் அதை விழுங்கத் தயங்குவார். இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும், தெருவில் எங்கே வைப்பது? செருப்புக்குள் நாள்கணக்கில் ஈரம் இருந்தால் கால் புண்ணாகும், புண்ணான காலோடு வேலைக்குப் போக முடியாது. அப்புறம் காகிதம். அடையாள அட்டை வாங்க முகவரி கேட்பார்கள், வீடு வாங்க அடையாள அட்டை கேட்பார்கள். கடைப்படியில் படுத்திருந்தவரின் கை ஏன் அந்த உறைமேல் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு மழை போதும், அவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். தொட்டிக்குள் இருக்க இருக்க வெளியேறும் வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகிறது.

இதையெல்லாம் யோசிக்காமல் பல நகரங்கள் நெடுங்காலம் ஒரு படிக்கட்டு முறையைப் பின்பற்றின. முதலில் காப்பகம், அங்கே ஒழுங்காக இருந்தால் தற்காலிக அறை, குடியை விட்டால் அடுத்த படி, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் கடைசியில் வீடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு படியிலும் 10 பேரில் 7 பேர் தேறினாலும், நான்கு படி தாண்டியபின் மிஞ்சுவது 24 சதவீதம்தான். அதுவும் தூக்கமும் கதவும் இல்லாதவரிடம் தூக்கமும் கதவும் இருப்பவருக்கே கடினமான காரியத்தைக் கேட்கிறோம்.

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். முதலில் வீடு. ஒப்பந்தம் குடியேறுபவர் பெயரில், சாவியும் அவர் கையில். சிகிச்சையும் ஆலோசனையும் கூடவே வரும், ஆனால் அவற்றை ஏற்றால்தான் வீடு என்ற நிபந்தனை கிடையாது. குடிக்கு அடிமையானவருக்கு வீட்டைக் கொடுத்தால் பாழாக்கிவிடுவார் என்று அப்போது பலரும் நினைத்தார்கள்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க கனடா செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த நாட்டு அரசு 11 கோடி கனடா டாலர் ஒதுக்கி, ஐந்து நகரங்களில் மனநோயுள்ள வீடில்லாதவர்கள் சுமார் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு 'முதலில் வீடு', மற்றதற்கு ஊரில் ஏற்கெனவே இருக்கும் உதவிகள். புதிய மருந்தைச் சோதிப்பதுபோல. ஆய்வின் கடைசி ஆறு மாதத்தில் முழுநேரமும் வீட்டில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 62 சதவீதம், இரண்டாம் பிரிவில் 31 சதவீதம். மனநோய் அறிகுறிகளிலும் போதைப் பழக்கத்திலும் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீடு நோயைக் குணமாக்கிவிடவில்லை, ஆனால் நோய் அவர்களில் பெரும்பாலோரை வீடிழக்கவும் வைக்கவில்லை. படுக்கைக்கும் போர்வைக்கும் பணம் ஒதுக்குகிற அரசுகள், அந்தப் பணம் பலன் தந்ததா என்று தொடர்ந்து பார்க்க ஒதுக்குவது மிகக் குறைவு. எத்தனை படுக்கை போட்டோம் என்பதைப் பலகையில் எழுதலாம், எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதை அறிய ஆட்களும் வருடங்களும் வேண்டும். அதற்குக் கொடுக்கிற பணத்தை வீண் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்கே நிற்பேன்.

பின்லாந்து 2008இல் இதைத் தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. ஹெல்சின்கியில் 250 படுக்கை இருந்த ஒரு பெரிய காப்பகத்தை மூடி, அதே கட்டடத்தை 80 தனி வீடுகளாக மாற்றினார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் இது இழப்பு மாதிரி தெரியும். நம் தொட்டிக் கணக்கில் பாருங்கள்: படுக்கை என்பது தொட்டிக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் இடம், வீடு என்பது கீழ்க்குழாய்.

தெருவில் இருப்பது அவரவர் தலையெழுத்து என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படித்தவர்கள் கூடச் சொல்கிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது. அமெரிக்க நகரங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் மனநோயோ வறுமையோ அதிகம் உள்ள ஊர்களில்தான் வீடில்லாதவர்கள் அதிகம் என்று வருவதில்லை. வாடகை உயர்ந்து, காலி வீடுகள் குறைந்த ஊர்களில்தான் அதிகம். யார் கீழே விழுவார் என்பதில் ஒருவரின் நோய்க்கும் கஷ்டத்துக்கும் பங்கு உண்டு. எத்தனை பேர் விழுவார்கள் என்பதை வீடுகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. ஹூஸ்டன் நகரம் 2011இலிருந்து வீடில்லாதவர் எண்ணிக்கையை சுமார் 60 சதவீதம் குறைத்திருக்கிறது. தனித்தனியாக இயங்கிய அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, பொதுவான முறையில் ஆட்களைக் கண்டறிந்து, நேராக வீட்டில் அமர்த்தினார்கள். அந்த நகரத்து மக்களின் தலையெழுத்து 2011இல் மாறிவிடவில்லை.

இப்படிச் செய்ய என் நோட்டில் போட்ட கோடுகள் உதவாது, பெயர்கள் வேண்டும். சில நகரங்கள் அப்படித்தான் செய்கின்றன: வீடில்லாத ஒவ்வொருவருக்கும் பெயர், எப்போதிலிருந்து வீடில்லை, என்ன நோய், என்ன காகிதம் கைவசம் இருக்கிறது என்று ஒரே பட்டியல். களப்பணியாளர்கள், மருத்துவமனை, காப்பகம், வீட்டுவசதி அலுவலகம் எல்லோரும் வாராவாரம் உட்கார்ந்து அதே பட்டியலைப் பார்க்கிறார்கள். யார் நெடுநாளாக இருக்கிறார், யாரிடம் அடையாள அட்டை மட்டும்தான் இல்லை என்று பேசுகிறார்கள். அவருடைய வரிசையில் அவருக்காக நிற்பது அவர்கள் வேலையாகிறது.

அமெரிக்காவின் ராக்ஃபோர்டு என்ற சிறிய நகரம் இந்த முறையில் 2015இல் முன்னாள் ராணுவத்தினரிடையேயும், 2017இல் நெடுநாள் வீடில்லாதவரிடையேயும் 'செயல்பாட்டுப் பூஜ்யம்' என்ற நிலையை எட்டியது. மேல்குழாய் முழுவதும் அடைபட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. முன்னாள் ராணுவத்தினரைப் பொறுத்தவரை, ஒரு மாதத்தில் அந்த நகரம் எத்தனை பேரை வீட்டில் சேர்க்க முடியுமோ, அதைவிட அதிகமான பெயர்கள் பட்டியலில் தேங்குவதில்லை என்று அர்த்தம். அங்கேயும் இன்று இரவு யாரோ ஒருவர் வீடிழக்கலாம். சீக்கிரமே அவர் பெயர் பட்டியலில் ஏறிவிடும், எப்போதிலிருந்து என்ற கட்டத்தில் இன்றைய தேதி இருக்கும்.