ஃபிளின்ட் நகரின் மூன்று பாட்டில்கள்

ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் இருப்பது வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரம், 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் குடிநீரை விட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. ஆற்று நீரில் குளோரைடு அதிகம். அது உலோகத்தை அரிக்கும். பழைய காரீயக் குழாய்களின் உட்புறப் படலத்தைக் காக்க நீரில் ஆர்த்தோபாஸ்பேட் கலக்க வேண்டும். ஃபிளின்டில் அதைக் கலக்கவில்லை. படலம் கரைந்து உதிரத் தொடங்கியது.

ஃபிளின்டில் லீயான் வால்டர்ஸ் என்ற குடும்பத் தலைவியின் வீட்டு நீரில் காரீயம் இருந்தது; ஆனால் வீட்டுக்குள் ஓடியது பிளாஸ்டிக் குழாய். அப்படியானால் காரீயம் தெருவிலிருந்து வரும் இணைப்புக் குழாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழு வால்டர்ஸ் வீட்டு நீரைச் சோதித்தபோது, லிட்டருக்கு 13,200 மைக்ரோகிராம் வரை காரீயம் இருந்தது. நாட்டின் நடவடிக்கை வரம்பு, அதாவது தாண்டினால் குடிநீர் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தாக வேண்டிய அளவு, அப்போது 15.

ஒரே வீட்டை வைத்து ஊரைப் பற்றிச் சொல்லிவிட முடியாது. 2015 ஆகஸ்டில் பல்கலைக்கழகம் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பியது. ஊர்மக்களே வீடுவீடாகக் கொடுத்து, நீர் பிடிக்கும் முறையை விளக்கி, திரும்பச் சேகரித்தார்கள். 271 வீடுகளின் நீர் சோதிக்கப்பட்டது. வெளியூர் மாணவர்கள் மட்டும் கதவைத் தட்டியிருந்தால் இத்தனை பெட்டிகள் திரும்பியிருக்கும் என்று நம்புவது கடினம்.

முறை இதுதான். ஆறு மணி நேரமாவது வீட்டில் எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது. பிறகு குழாயை முழுவேகத்தில் திறந்து முதல் 1 லிட்டரைப் பிடிக்க வேண்டும். 45 விநாடி ஓடவிட்டு 500 மி.லி., 2 நிமிடம் ஓடவிட்டு 125 மி.லி. முதல் பாட்டிலில் இருப்பது குழாய்முனையிலும் வீட்டுக் குழாய்களிலும் இரவெல்லாம் தேங்கிய நீர். அடுத்தவை இணைப்புக் குழாயையும் தெருக்குழாயையும் நோக்கிப் போகின்றன. மூன்றையும் ஒப்பிட்டால் காரீயம் எங்கே சேர்கிறது என்ற தடயம் கிடைக்கும். ஆய்வகத்தில் 2% நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள்; இல்லாவிட்டால் உதிர்ந்த துகள்கள் கரையாமல் கணக்கில் விடுபட்டுவிடும்.

நகர நிர்வாகத்தின் சோதனை தவறியதும் இந்தச் சின்ன விஷயங்களில்தான். முன்னிரவே குழாயை 5 நிமிடம் திறந்துவிடச் சொன்னார்கள். சேர்ந்திருந்த காரீயம் அப்போதே கழுவிப்போகும். கொடுத்ததோ வாய் குறுகிய பாட்டில். அதில் பிடிக்க நீரை மெல்லத்தான் திறக்க முடியும். மெல்ல வரும் நீர் துகள்களைப் பெயர்த்துக்கொண்டு வராது.

மக்கள் பிடித்த நீரில், பத்தில் ஒரு வீட்டில் காரீய அளவு லிட்டருக்கு 26.8 மைக்ரோகிராமைத் தாண்டியது. இதில் ஒரு பலவீனம் உண்டு: கலந்துகொண்டவை தாமாக முன்வந்த வீடுகள், குலுக்கலில் எடுத்தவை அல்ல. அதனால் தனியான இன்னொரு சான்று தேவைப்பட்டது. அதைக் குழந்தைகள் நல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா தந்தார். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில், ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் உள்ளவர்களின் விகிதம், நீர் மாறுவதற்கு முன் இருந்த 2.4%-லிருந்து 4.9% ஆகியிருந்தது.

2015 அக்டோபர் 16 அன்று நகரம் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது. ஆனால் அரிக்கப்பட்ட படலம் மறுபடி படியப் பல மாதங்கள் பிடிக்கும். அதுவரை ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் வடிகட்டி தேவைப்பட்டது.