ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க உழவருக்குள்ள அனுமதி

ஏரி, குளங்களில் படியும் வண்டலைக் கோடையில் வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். வண்டலை எடுப்பதால் ஏரியின் கொள்ளளவு மீள்கிறது. அதையே வயலில் இடுவதால், களியும் மக்கிய பொருளும் குறைந்த மணற்பாங்கான நிலமும் செம்மண் நிலமும் ஈரத்தைக் கூடுதல் நாட்கள் பிடித்து வைக்கின்றன. ஆனால் சட்டத்தின் பார்வையில் இந்த மண்ணும், மணல், சரளை போல, ஒரு சிறு கனிமம் என்பதால், சொந்த ஊர் ஏரியே ஆனாலும் அனுமதி பெற்றுத்தான் எடுக்க வேண்டும்.

அந்த அனுமதி, 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 12ஆம் விதியின் கீழ் வழங்கப்படுகிறது. முன்பு மாவட்ட ஆட்சியர் வரை செல்ல வேண்டியிருந்த விண்ணப்பத்தை, 2024ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியரே பரிசீலித்து ஆணை வழங்குகிறார். உழவரின் வீடோ நிலமோ எந்த வட்டத்தில் உள்ளதோ, அந்த வட்டத்திலுள்ள ஏரியிலிருந்து மண் எடுக்கலாம். எல்லா ஏரிகளும் இதில் அடங்கா. மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட பட்டியலில் உள்ள நீர்நிலைகள் மட்டுமே அடங்கும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஏரி பட்டியலில் உள்ளதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

அளவுக்கு வரம்பு உண்டு. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம். மண்பாண்டத் தொழிலாளருக்கு 60 கன மீட்டர் என்று தனி வரம்பு உள்ளது. வண்டி ஓட்டுபவர்கள் யூனிட் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீட்டர். அப்படியானால் 75 கன மீட்டர் என்பது 26 யூனிட்டுக்குச் சற்று மேல். அதை ஓர் ஏக்கர் முழுதும் பரப்பினால் முக்கால் அங்குலக் கனத்துக்கும் குறைவாகவே வரும். கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும், மேல்மண்ணோடு கலந்து உழுவதற்கு இந்த அளவு பொருத்தமானதே என்பது என் கருத்து. தடிமனாகக் கொட்டப்பட்ட வண்டல் சரியாகக் கலக்காமல் காய்ந்து கட்டியாகிவிடும்.

விண்ணப்பத்தை இ-சேவை இணையதளம் வழியாகச் செலுத்தலாம். நில உரிமையையும் சாகுபடியையும் காட்டச் சிட்டாவும் அடங்கலும் கைவசம் இருக்க வேண்டும். மண்ணுக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. எனினும் வெட்டிக் கொடுக்கும் இயந்திரத்தின் வாடகையும் வண்டி வாடகையும் உழவருடைய செலவே என்பதால், தூரத்து நிலத்துக்கு இந்தச் "செலவில்லாத மண்" கட்டுப்படியாகுமா என்று முதலிலேயே கணக்குப் பார்ப்பது நல்லது.

ஆணை கையில் வந்ததும் விரைந்து அள்ளிவிடத் தோன்றும். அதற்கு முன் ஏரியிலிருந்து சிறிது வண்டலை எடுத்து, அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவையும் கார அமில நிலையையும் பார்த்துவிட வேண்டும். உவர் மிகுந்த வண்டல், இருக்கிற நிலத்தையும் கெடுக்கும். கழிவுநீர் சேரும் ஏரிகளின் மண்ணை, எவ்வளவு கருப்பாக இருந்தாலும், தவிர்த்துவிடலாம். சீமைக் கருவேலம் அடர்ந்த ஏரியானால் அதன் விதைகளும் வண்டலோடு வயலுக்கு வரும். முளைத்தவுடன் பிடுங்க ஆள் வேண்டும். வண்டலைச் சித்திரை, வைகாசியில் பரப்பி, சில நாள் வெயிலில் காயவிட்டு, கட்டிகளை உடைத்து, கோடை மழையோடு உழுதால் நன்றாகக் கலக்கும்.

வெட்டும் முறையிலும் கவனம் தேவை. ஆணையில் குறித்த இடத்தில், குறித்த ஆழத்துக்குச் சமமாக வெட்ட வேண்டும். கரை, மதகு, கலங்கல் (மிகுநீர் வழிந்தோடும் இடம்) ஆகியவற்றை ஒட்டி வெட்டுவது கூடாது. ஒரே இடத்தில் ஆழமாகக் குழி பறித்தால் மழைக்காலத்தில் ஏரியில் இறங்கும் பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் அது ஆபத்தாக முடியும். அடிக்களி பெயர்ந்தால் தேங்கிய நீரும் கீழிறங்கும்.

இந்த மண் விண்ணப்பித்தவரின் நிலத்துக்கு மட்டுமே உரியது. செங்கல் சூளைக்கோ மனை மேடாக்கவோ விற்க இடமில்லை. அனுமதியின்றிக் கனிமம் ஏற்றிச் செல்லும் வண்டியை 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் கீழ்ப் பறிமுதல் செய்ய அதிகாரம் உள்ளதால், ஆணையின் நகலை ஒவ்வொரு நடையின்போதும் ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்பவும்.