எண்டோமெட்ரியோசிஸ்: அழற்சி அல்ல, புறவளர்ச்சி

மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் மறுபடியும் கண்ணில் பட்டது: ‘எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் கருப்பை அகப்படல அழற்சி’. முதல் தடவை பார்த்தபோது யாரோ அவசரத்தில் எழுதியது என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு காணொளியின் அடியில் ஓடிய வரிகளில் வந்தது. பிறகு நோயாளிகளுக்கான கையேடு ஒன்றில். இப்போது அந்த நோய் உள்ள பெண்களே, ‘எனக்குக் கர்ப்பப்பையில் அழற்சி’ என்று சொல்லக் கேட்கிறேன். அவர்களுக்கு இருப்பது அதுவல்ல. அந்தத் தொடர் வேறொரு நோயின் பெயர்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘எண்டோன்’ என்றால் உள்ளே. ‘மெட்ரா’ என்றால் கருப்பை. தாயைக் குறிக்கும் ‘மேட்டர்’ என்ற சொல்லின் உறவு அது. இரண்டும் கூடி ‘எண்டோமெட்ரியம்’ ஆயிற்று. மாதந்தோறும் தடித்து, கரு தங்காதபோது குருதியோடு உதிர்கிற அந்த உள்பூச்சை நாம் அகப்படலம் என்கிறோம். உட்படலம் என்பாரும் உண்டு. கடைசியில் நிற்கும் ‘ஓசிஸ்’ என்பது ஒரு நிலையை, பெரும்பாலும் நோய்நிலையைக் குறிக்கும் ஈறு. நோயின் திசுவை 1860இல் விவரித்தவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் வியன்னாவின் கார்ல் வான் ரோகிட்டான்ஸ்கி. இன்று வழங்கும் பெயரை 1920களில் நிலைநாட்டியவர் அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஜான் சாம்ப்சன்.

நோய் என்ன? அகப்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. சினைப்பையில், கருக்குழாயின் மேல், வயிற்றின் உள்சவ்வில், குடலில், சிறுநீர்ப்பையில் அது ஒட்டி வளரும். அரிதாக உதரவிதானத்திலும் நுரையீரலிலும்கூட. மாதச் சுழற்சியின் ஹார்மோன்களுக்கு அந்தத் திசுவும் இணங்கும்; தடிக்கும், கசியும். கருப்பையில் உதிர்வதற்கு வெளியேறும் வழி இருக்கிறது, இதற்கு இல்லை. சுற்றியுள்ள இடம் புண்பட்டு, வடுவாகி, ஓர் உறுப்பு இன்னோர் உறுப்போடு ஒட்டிக்கொள்கிறது.

கவனியுங்கள், ‘வெளியே’ என்பதுதான் இந்த நோயின் உயிர்நாடியான செய்தி. கிரேக்கப் பெயரில் அது இல்லவே இல்லை. உறுப்பைச் சொல்லி, ‘அதில் ஒரு நிலை’ என்று நின்றுவிடுகிறது. ஆகவே மூலத்தைத் துண்டு துண்டாகப் பெயர்த்தால், நோய் எங்கே இல்லையோ அந்த இடத்தின் பெயர்தான் கையில் மிஞ்சும். ‘கருப்பை அகப்படல நோய்’ என்று எழுதுபவர்களுக்கு நேர்வது இதுவே. மூலச்சொல் ஊமையாக இருக்கும் இடத்தில் பெயர்ப்பும் ஊமையாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

அழற்சிக்கு வருகிறேன். அழல் என்றால் தீ. அழலிலிருந்து அழற்சி. சூடு, சிவப்பு, வீக்கம், வலி என்று உடலில் ஓரிடம் கனல்வதைச் சொல்ல இதைவிட நல்ல சொல் நமக்கு வாய்த்திருக்காது. ‘ஐட்டிஸ்’ என்று முடியும் நோய்ப்பெயர்களுக்கு நாம் அதை ஒழுங்காகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம்: மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி, குடல்வால் அழற்சி. படித்தவுடன் பொருள் விளங்குகிறது. எந்த உறுப்பு, அதற்கு என்ன ஆயிற்று என்ற இரண்டும் தெரிகின்றன. அந்த ஒழுங்கின்படி ‘கருப்பை அகப்படல அழற்சி’ என்றால் அது எண்டோமெட்ரைட்டிஸ். மகப்பேற்றுக்குப் பிறகோ, கருச்சிதைவுக்குப் பிறகோ, கருப்பைக்குள் கருவி செலுத்திய சிகிச்சைக்குப் பிறகோ கிருமி தொற்றி அகப்படலமே கனல்கிற நோய். காய்ச்சல் வரும், நாற்றமுள்ள வெள்ளை போகும், ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துபோகும்.

எண்டோமெட்ரியோசிஸ் கிருமிக் காய்ச்சல் அல்ல. ஆன்ட்டிபயாட்டிக்கால் போவதும் அல்ல. எனக்கு நெருங்கிய ஒருத்தி, நோயின் பெயரை அழற்சி என்று எழுதி வாங்கிவந்தவள், என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “எத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டால் சரியாகும் அக்கா?” அவள் கேட்டதில் பிழை இல்லை. அழற்சி என்ற சொல் அப்படித்தான் கேட்க வைக்கும். இரண்டாவதாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இது அவருக்கும் தொற்றுமா?” என்றாள். தொற்றாது. ஒரு தவறான சொல் அவள் தலையில் ஏற்றிவைத்த பயத்தை இறக்க எனக்கு ஒரு முழு மாலைப்பொழுது பிடித்தது.

அழற்சி என்போர் ஒரு நியாயம் சொல்வார்கள், அதையும் பார்ப்போம். ‘இந்த நோயில் அழற்சி உண்டு என்று மருத்துவர்களே சொல்கிறார்களே?’ உண்மைதான். திசு ஒட்டிய இடங்களில் நாட்பட்ட அழற்சி இருக்கிறது. வலிக்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் அழல்வது எது? வயிற்றின் உள்சவ்வும் அதன் சுற்றுப்புறமும். தொடர் சொல்வது எதை? கருப்பையின் அகப்படலத்தை. இடமே மாறிப்போகிறது. நோயின் ஒரு விளைவை எடுத்து நோய்க்கே பெயராக வைத்தால், இரத்த உறைவைக் கால் வீக்கம் என்று எழுதிவிட்டு, ‘வீக்கம் இருக்கிறதே’ என்று வாதாடுவது போலாகும்.

‘ஓசிஸ்’ என்ற ஈற்றைக் கண்டதும் ஏன் கை தானாக அழற்சிக்குப் போகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இந்த ஈற்றைத் தமிழில் அழகாகக் கையாண்டவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்டியோபொரோசிஸ் எலும்புப்புரை ஆனது. புரை என்ற பழைய சொல்லை எடுத்து, உள்ளே ஓட்டை விழுந்த எலும்பைக் கண்முன் நிறுத்திவிட்டார்கள். த்ராம்போசிஸ் இரத்த உறைவு ஆனது. இரண்டிலும் ஈற்றைப் பெயர்க்க யாரும் முயலவில்லை. உடலில் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அந்த வழி தெளிவாகத் திறந்தே கிடக்கிறது.

இன்னொரு சொல்லாக்கம் இடமகல் கருப்பை அகப்படலம். இதை ஆக்கியவர்கள் யோசித்து ஆக்கியிருக்கிறார்கள். ‘வெளியே’ என்ற செய்தியைப் பிடிக்க முயன்றிருக்கிறார்கள். அதற்காக மதிக்கிறேன். ஆனாலும் ஏற்க முடியவில்லை. ‘இடமகல்’ என்று எழுத்தில் பார்த்தவர் ஒரு கணம் நிற்பார். அகல் விளக்கு நினைவுக்கு வரும், அகலம் நினைவுக்கு வரும். ‘இடத்தை விட்டு அகன்ற’ என்று பிரித்துக்கொள்ளும் பொறுமை வலியோடு படிப்பவருக்கு இராது. அடுத்து, இது ஒரு படலத்தின் பெயராகத்தான் நிற்கிறது. ‘எனக்கு இடமகல் கருப்பை அகப்படலம்’ என்று எந்தப் பெண்ணும் வாயால் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ‘அகன்ற’ என்ற கருத்து. அகப்படலம் எங்கும் அகன்று போகவில்லை. அது கருப்பையில் தன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. வெளியே வளர்வது அதை ஒத்த திசு. உதிர்ந்த குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போய் அங்கே வேர்பிடிக்கிறது என்று சாம்ப்சன் 1927இல் விளக்கினார். இன்றும் அந்த விளக்கத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் மாதவிடாய் வரும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இப்படிக் கொஞ்சம் பின்னோக்கி ஒழுகத்தான் செய்கிறது. நோய் வருவதோ ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு. பூப்பெய்தாத சிறுமிகளிடமும், மிக அரிதாக, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சிகிச்சையாகப் பெற்ற ஆண்களிடமும் இந்தத் திசுவைக் கண்டிருக்கிறார்கள். அங்கிருக்கும் செல்களே உருமாறுகின்றன என்பது ஒரு கருத்து, இரத்தத்தின் வழியும் நிணநீரின் வழியும் பரவுகிறது என்பது இன்னொரு கருத்து. காரணம் முடிவாகாத நோய்க்கு ஒரே காரணத்தைப் பெயருக்குள் பூட்டி வைப்பது சரியல்ல. கண்ணால் காண்பதைப் பெயர் சொல்லட்டும்.

‘கருப்பையில் சதை வளர்ச்சி’ என்று எழுதுவோரைப் பற்றி ஒரு வரி போதும். நார்த்திசுக் கட்டிக்கும் கருப்பைக்குள் வளரும் பாலிப்புக்கும் மக்கள் ஏற்கெனவே அந்தப் பேச்சைத்தான் வைத்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரே சாக்கில் போடக் கூடாது.

நான் முன்வைப்பது: அகப்படலப் புறவளர்ச்சி. முதன்முறை எழுதும்போது ‘கருப்பை அகப்படலப் புறவளர்ச்சி’ என்று முழுதாக எழுதலாம். அகம், புறம் என்ற இணையைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்க வேண்டியது வெளியே வளர்கிறது என்பது கேட்ட மாத்திரத்தில் பதிகிறது. ‘கருப்பைப் புறப்படல நோய்’ என்று சுருக்கிவிடாதீர்கள். கருப்பையின் மேலுறையாகவே ஒரு புறப்படலம் உண்டு, நோய் அதில்தான் என்று ஆகிவிடும். என் சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது: ‘ஒத்த’ என்பது அதில் இல்லை. அந்த வேலையை விளக்கவுரை பார்த்துக்கொள்ளட்டும். பேச்சில் எண்டோமெட்ரியோசிஸ் என்றே சொல்பவரிடம் எனக்கு வழக்கில்லை. தவறான தமிழைவிட அயற்சொல் ஆயிரம் மடங்கு மேல். அயற்சொல் குறைந்தபட்சம் பொய் சொல்வதில்லை.

இவ்வளவு மன்றாடுவது ஏன் என்றால், பெயரில் கருப்பையை மட்டும் வைத்ததால் இரண்டு தவறான முடிவுகள் பிறக்கின்றன. ஒன்று, ‘கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது’. நோய் வெளியே இருக்கிறது. கருப்பையை எடுத்தாலும் விட்டுப்போன திசு வலியைத் தொடரலாம். இதை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வலிநிவாரணிகள், கருத்தடை மாத்திரை, டையனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் மருந்துகள், ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம், ஈஸ்ட்ரோஜனைத் தாழ்த்தும் ஊசிகள் எல்லாம் நோயை அடக்கி வைப்பவை. நிறுத்தினால் திரும்பலாம். லேப்ராஸ்கோப்பி எனும் சிறுதுளை அறுவை மூலம் திசுவை வெட்டி எடுப்பது பலருக்கு நல்ல நிவாரணம் தருகிறது. அதற்குப் பிறகும் மீண்டும் வளர வாய்ப்பு உண்டு.

இரண்டாவது முடிவு கொடியது: ‘இவளுக்குக் குழந்தை பிறக்காது’. இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள்மீது எனக்கு உண்மையான கோபம். ‘மலட்டுத்தன்மையை உண்டாக்கும் நோய்’ என்று கூசாமல் எழுதுகிறார்கள். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்பதைத்தான் மருத்துவம் அந்த இடத்தில் சொல்கிறது. மலடு என்ற தமிழ்ச்சொல்லோ ஆயுள் தண்டனை. இந்த நோய் உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் உண்டு. ஒட்டிக்கொண்ட திசு கருக்குழாயை மடக்கிவிடலாம், சினைப்பையில் கட்டி வளர்ந்து முட்டைகளின் இருப்பைக் குறைக்கலாம், வயிற்றறையின் அழற்சி கரு உருவாவதற்கு இடையூறு செய்யலாம். ஆனாலும் பலர் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள், வேறு பலர் உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் உதவியோடு. இதைச் சொல்ல ‘கருத்தரிப்பதில் சிரமம்’ என்ற எளிய தொடர் போதுமானது.

சிகிச்சையை எழுதும்போதும் கவனம் வேண்டும். நோயை அடக்கும் ஹார்மோன் மருந்துகள் கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை உண்ணும் காலத்தில் கருவுறுதலையே தடுக்கும். சினைப்பைக் கட்டியை அறுத்து எடுக்கும்போது நல்ல முட்டைகளும் கொஞ்சம் போகலாம் என்பதால், குழந்தை வேண்டுபவர் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் அதைப் பேசியாக வேண்டும். ‘கல்யாணம் செய்து ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்’ என்பது பிழை. கர்ப்பகாலத்தில் சிலருக்கு வலி தணியும், அவ்வளவே.

அந்தக் கட்டியின் பெயரும் தவறாகவே உலவுகிறது. பழைய குருதி தேங்கிக் கரும்பழுப்பாக இருப்பதால் அதைச் சாக்லேட் கட்டி என்கிறார்கள். அது இருப்பது சினைப்பையில். ‘கருப்பை சாக்லேட் கட்டி’ என்று எழுதுபவர் உறுப்பையே மாற்றிவிடுகிறார். சினைப்பைக்கும் கருப்பைக்கும் வேறுபாடு காட்டாத எழுத்து இன்று பெருகிக் கிடக்கிறது. கருவகம் என்ற ஒரே சொல்லை ஒருவர் இதற்கும் ஒருவர் அதற்கும் வைக்கிறார்கள்.

வலியைச் சொல்லும் மொழியும் அப்படித்தான். அறிகுறி வரிசையில் ‘மாதவிடாய் அசௌகரியம்’ என்று எழுதுகிறார்கள். வகுப்புக்கும் வேலைக்கும் போக முடியாமல் சுருண்டு படுக்க வைப்பது அசௌகரியம் இல்லை, வலி. உடலுறவின்போது வலி, மலம் கழிக்கையில் வலி, சிறுநீர் போகும்போது வலி, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் அடிவயிற்றில் வலி, தீராத அயர்ச்சி என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். விடாய் என்ற சொல்லுக்கே களைப்பு என்றுதான் பொருள். வலி அதற்குள் அடங்காது. திசு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வைத்து நோயை 4 நிலைகளாகப் பிரிப்பதால், ‘முதல் நிலைதான், வலி குறைவு’ என்று எழுதுவதும் தவறு. சிறு புள்ளிகள் கடும் வலி தரும். பெரிய கட்டி சத்தமே இல்லாமல் இருக்கும். அறிகுறி தொடங்கி நோய்க்குப் பெயர் கிடைக்க 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு காத்திருந்து கிடைக்கிற பெயர் தவறான பெயராக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இதன் உறவான அடினோமயோசிஸையும் சொல்லிவிடுகிறேன். அதில் அகப்படலத் திசு வெளியே போகாமல் கருப்பையின் தசைச்சுவருக்குள்ளேயே புகுந்து வளர்கிறது. அதற்கு ‘அகப்படலத் தசையூடுருவல்’ என்று வைத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று விளக்கும். கையேடு எழுதுபவர் இப்படித் தொடங்கலாம்: ‘எண்டோமெட்ரியோசிஸ், அதாவது அகப்படலப் புறவளர்ச்சி: கருப்பையின் உள்பூச்சை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். இது தொற்றாது.’